அக்காவுக்கு எடுத்துக்கொண்டு போன மாத்திரைகள்

என் அக்காவுக்குக் கேஸ் மாத்திரை கொடுத்தது நான்தான். நாலு வருஷம் கொடுத்தேன். யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒருமுறை கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள், அப்போது நான் வாயைத் திறக்கவில்லை.

ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கலில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். படிப்பு பிளஸ் டூதான். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற சர்டிபிகேட் ஓனருடையது. டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பது, பத்து மாத்திரை அட்டையிலிருந்து நாலை வெட்டும்போது தேதி அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்குகிற மாதிரி வெட்டுவது, எந்த மருந்துக்குப் பதில் எதைக் கொடுக்கலாம் என்பது எல்லாம் கவுண்டரில் நின்றபடி கற்றுக்கொண்டதுதான். காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடி எங்கள் கடையில் அதிகம் போவது கேஸ் மாத்திரை. அதற்கு யாரும் சீட்டு கொண்டுவருவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. காலையில் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் கடை வாசலில் நின்று, நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாலே போதும். வாயால் சொல்லக்கூட வேண்டாம். என் கை தானாக அந்தத் தட்டுக்குப் போகும்.

அக்கா என்னைவிடப் பத்து வயது பெரியவள். அப்பாவுக்குப் பின் அம்மாவும் போனபோது எனக்கு ஒன்பது வயது. அக்கா அந்த வருஷமே படிப்பை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். என்னைப் பிளஸ் டூ வரைக்கும் படிக்கவைத்தது அந்த மெஷின்தான். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது, ஒரு பெண் குழந்தை பிறந்தது, குழந்தைக்கு மூன்று வயதானபோது அவள் வீட்டுக்காரர் வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அக்கா, அவள் மகள், நான், மூன்று பேரும் சேக்காட்டில் அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்தோம்.

அக்கா ஐந்து மணிக்கு எழுந்து மூன்று பேருக்கும் சமைத்து, டப்பாவைக் கட்டி, ஏழு மணிக்குள் ஆவடி ஸ்டேஷனில் இருப்பாள். பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்க வேண்டும். சமைத்ததை அவள் வீட்டில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு டம்ளர் டீ. பிறகு கம்பெனியில் பத்தரைக்கு இன்னொரு டீ. சாப்பாடு ஒரு மணிக்கு. ஓவர்டைம் இருந்தால் இரவு ஒன்பது மணிக்கு மறுபடி. இப்படி இருபது வருஷத்துக்கு மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, அவள் சுவரில் சாய்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு இருந்தாள்.

"இன்னாக்கா?"

"தெரிலடி. நெஞ்செல்லாம் எரியுது. புளிச்ச தண்ணி மேல மேல வருது."

என் கைப்பையில் ஒரு அட்டை இருந்தது. ஒன்றைக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "ஏய், சரியாப்பூட்ச்சுடி! இன்னா மாத்திரை அது?" என்று கேட்டபோது அவள் முகத்தில் இருந்த ஆச்சரியம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை வளர்த்தவளுக்கு நான் என்ன செய்திருக்கிறேன்? அவள் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டாள். புடவை எடுத்துக் கொடுத்தால் மகளுக்கு என்று பீரோவில் வைத்துவிடுவாள். இந்த மாத்திரையை மட்டும் கை நீட்டி வாங்கினாள்.

அன்றிலிருந்து அது வழக்கமானது. "காலைல வெறும் வயித்துல போடு, போட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு டீ குடி" என்று நான் டாக்டர் மாதிரி சொல்வேன். அவளும் கேட்டுக்கொள்வாள். பத்து நாளைக்கு ஒரு அட்டை. பிறகு ஏழு நாளைக்கு ஒன்று. இரண்டாவது வருஷம், "முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குதுடி" என்றாள். கொஞ்சம் பவர் கூடின, வாந்திக்கும் சேர்த்து இருக்கிற மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன். எதற்கு எது என்று எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு கர்வம். மூன்றாவது வருஷம் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, நாலு நாளைக்கு ஒரு அட்டை.

அவள் மெலிந்தாள். பார்க்காமல் இல்லை, பார்த்தேன். "வயசு திரும்புதா உனக்கு?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரித்துக்கொண்டே தன் ரவிக்கைகளின் பக்கத் தையலைப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தாள். தையல்காரி என்பதால் அது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. அதே ரவிக்கைகளை அந்த வருஷத்தில் மூன்று தடவை பிடித்தாள். தவக்காலம் வந்தது. நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கப்போகிறேன், ஒருவேளைதான் சாப்பாடு என்றாள். அந்த ஒருவேளையும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம். ஈஸ்டர் பாஸ்கா முடிந்த பிறகும் நாலு வாய்தான். "ரெண்டு வாய் துன்னாலே வயிறு ரொம்பிக்குதுடி" என்றாள். நான் இன்னொரு அட்டை எடுத்து வந்தேன்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து பிடித்த மழை லேசில் விடவில்லை. சேக்காட்டில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அம்பத்தூரில் எங்களுக்கு மருந்து போடுகிற ஏஜென்சியின் குடோனுக்குள் தண்ணீர் போய்விட்டது, வண்டி வரவில்லை. கடையில் இருந்த சரக்கு மூன்று நாளில் காலியானது. எல்லோரும் பயந்து ஒன்றுக்கு மூன்றாக வாங்கினார்கள். கேஸ் மாத்திரையில் கடைசியாக மிஞ்சின ஒரு அட்டையை நான் கவுண்டருக்குக் கீழே, பில் புத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அக்காவுக்கு என்று.

மத்தியானம் தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். பட்டாபிராமிலிருந்து நடந்தே வந்திருந்தார். "எங்கயும் இல்லமா, உங்க கடைதான் கடைசி" என்றார். இல்லை என்று சொன்னேன். ஓனர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. "கீழ வச்சிருக்கிறத எடுத்துக் குடுமா. அவரு தண்ணியில நடந்து வந்திருக்காரு" என்று மெதுவாகச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். நாளைக்கு வண்டி வந்துவிடும் என்று நினைத்தேன்.

வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அக்காவின் கம்பெனிக்கும் லீவு விட்டிருந்தார்கள். அவள் கட்டிலில் சுருண்டு படுத்து, தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு கிடந்தாள். அவள் வலியில் கிடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிரசவத்தில்கூட அவள் கத்தவில்லை என்று நர்ஸ் சொன்னாள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். ஆவடியில் நாலு கடை, பட்டாபிராமில் இரண்டு. ஒரு கடை மூடியிருந்தது. ஒரு கடையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று ரோஸ் நிறத் திரவ மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அதை ஒரு மூடி குடித்தாள், அப்படியே வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலையில் எடுத்த வாந்தியை அவள் மகள்தான் முதலில் பார்த்தாள். "சித்தி, இங்க வா. அம்மா காபித்தூளு மாதிரி வாந்தி எடுத்துகீது" என்றாள். நான் போய்ப் பார்த்தேன். கவுண்டரில் பன்னிரண்டு வருஷம் நின்றவளுக்கு அது என்ன என்று தெரியும். வயிற்றுக்குள் ரத்தம். தெருமுனை வரைக்கும் அக்காவை இரண்டு பேரும் இடுப்பைப் பிடித்து நடத்திக்கொண்டு போனோம். அவள் எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது.

பக்கத்து கிளினிக்கில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே சேர்த்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள், சதை கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் ரிசல்ட் வந்தது. எங்களைக் கூப்பிட்ட டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சின்ன அறை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். மகள் ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றாள்.

"எவ்ளோ நாளா இந்த நெஞ்செரிச்சல் இருக்கு?"

"நாலு வருஷமா மேடம்" என்றாள் அக்கா.

"நாலு வருஷம் இன்னா பண்ணீங்க?"

"கேஸ் மாத்திரை போட்டுப்பேன் மேடம். போட்டா உட்டுடும்."

"யாரு எழுதிக் குடுத்தது?"

நான் பேச வேண்டிய இடம் அது. மடியில் என் பை, பைக்குள் எங்கள் கடைக் கவர். வேலை போய்விடும், ஓனரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், இவள்தான் கொடுத்தாள் என்று இந்த அறையில் இருக்கிற எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். இத்தனையும் ஒரு நிமிஷத்துக்குள் எனக்குள் ஓடியது.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் எழுதல மேடம். நானே வாங்கி வாங்கிப் போட்டுக்கினேன். கம்பெனிக்குப் போற வழியில எந்தக் கடையில கேட்டாலும் குடுப்பாங்கோ" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வயிற்றில் கட்டி இருக்கிறது, கல்லீரலுக்கும் போயிருக்கிறது, ஆபரேஷன் செய்கிற நிலையில் இல்லை, மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா, "எத்தினி நாள் லீவு போடணும் மேடம்?" என்று கேட்டாள்.

மறுநாள் நான் மட்டும் தனியாகப் போய் அந்த அறை வாசலில் நின்றேன். "மாத்திரை நான்தான் மேடம் குடுத்தேன். நான் மெடிக்கல்ல வேலை செய்றேன். அதனாலதான் வந்துதா?" என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "மாத்திரை இத வரவைக்கலமா. ஆனா வலிய மறைச்சிடுச்சு. வலி இருந்திருந்தா அவங்க சீக்கிரம் வந்திருப்பாங்க" என்றார். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அதற்குப் பிறகு அக்கா ஆறு மாதம் இருந்தாள். மூன்று தடவை மருந்து ஏற்றினார்கள், நாலாவது தடவைக்கு உடம்பு தாங்காது என்று நிறுத்திவிட்டார்கள். வார்டில் தினமும் காலையில் நர்ஸ் வந்து முதலில் போடுகிற ஊசி எது என்று பாட்டிலைப் பார்த்தேன். நான் நாலு வருஷம் கொடுத்த அதே மருந்து. அங்கே அது ஊசியாக வந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மறுபடியும் தவக்காலம் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். நெற்றியில் சாம்பல் பூசப் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்தார். அவர் போன பிறகு அக்கா என்னிடம், "இந்த வருஷம் ஒருசந்தி இருக்கேன்னு நான் சொல்லவே தேவையில்ல, பாத்தியா" என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "வஞ்சிரம் வாங்கினு வந்து வறுடி" என்றாள்.

"உன்னால சாப்ட முடியாதேக்கா."

"நான் சாப்ட்றேன்னு சொன்னனா? நீ வறு. வாசனை பாக்கணும்."

வறுத்தேன். தட்டில் சோற்றோடு வைத்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் என்னையும் அவள் மகளையும் உட்காரவைத்தாள். நாங்கள் சாப்பிடுவதை, தலையணையில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். "முள்ளப் பாத்து எடு" என்று மகளிடம் சொன்னாள். நான் இரண்டு துண்டும் தின்று முடித்தேன். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

அந்த ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அவள் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் ஒருநாள் தாங்காமல், "நான் உன்ன அன்னிக்கே டாக்டர்கிட்ட இட்னு போயிருக்கணும்கா" என்றேன். அவள் கண்ணை மூடியபடியே, "நான் வந்திருக்க மாட்டேன்டி. ஒருநாள் லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிரும்" என்றாள். அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாஸ்கா முடிந்து மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் போய்விட்டாள். அடக்கத்துக்கு அவள் பீரோவிலிருந்து எடுத்த எந்த ரவிக்கையும் அவளுக்குப் பொருந்தவில்லை. ஊக்கு குத்தித்தான் போட்டோம்.

முப்பதாம் நாள் பூசைக்கு அவள் கம்பெனியிலிருந்து நாலு பெண்கள் வந்திருந்தார்கள். ஒரே லைனில் தைத்தவர்கள். பூசை முடிந்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். போகும்போது அவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் திரும்பி வந்தாள்.

"நீங்கதான அக்கா மெடிக்கல்ல வேலை செய்றது? எங்க ஊட்டு டாக்டருன்னு உங்க அக்கா சொல்லினே இருப்பாங்கோ. அந்த கேஸ் மாத்திரைய அவங்கதான் எங்களுக்கும் குடுப்பாங்கோ. இப்போ கடையில வேற வேற குடுக்கறாங்க, கேக்க மாட்டேங்குது. அந்த மாத்திரை பேரு இன்னாக்கா?"

நான் கோவில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளைக்கு வர வேண்டிய அட்டை ஏழு நாளில் தீர்ந்தபோது, அவளுக்கு வலி கூடுகிறது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் அவளே போட்டுக்கொள்ளவில்லை. பங்கு வைத்திருக்கிறாள்.

"எத்தினி நாளா போட்டுக்கினு இருக்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"பேரு சொல்ல மாட்டேன். ஒருநாள் லீவு போடு. நானே உன்ன டாக்டர்கிட்ட இட்னு போறேன்" என்றேன். அவள் பயந்துபோய் மற்றவர்களைப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா மகள் என்னைக் கேட்டாள். கேள்வியை ரொம்ப நாளாக மனதுக்குள் வைத்திருந்தவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள். "டாக்டர் கேட்டாங்களே, யாரு குடுத்ததுன்னு. அம்மா பொய் சொல்லிச்சு. நீ ஏன் சித்தி பேசல?"

"பயந்துட்டேன்" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். சோறு வேண்டுமா, கேஸ் சிலிண்டர் வந்தது, காலேஜில் ஃபார்ம் கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

நான் கடைக்குத் திரும்பினேன். சீட்டு இல்லாமல் கேஸ் மாத்திரை கேட்கிறவர்களிடம், "எத்தினி நாளா?" என்று கேட்கத் தொடங்கினேன். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், டாக்டரைப் பாருங்கள் என்றேன். சிலர் முறைத்தார்கள். ஒருவர், "நீ இன்னா டாக்டரா?" என்றார். ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போய் வாங்கி, அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பது என் கவுண்டரிலிருந்து தெரியும். ஓனர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது நாள், "நாம குடுக்கலன்னா அவன் குடுப்பான்மா" என்றார். "தெரியும்ணா" என்றேன். அவர் அக்காவின் அடக்கத்துக்கு வந்திருந்தவர். அதற்குமேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் சாப்பிடப் போகிற நேரத்தில் அவர் கொடுத்துவிடுகிறார். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெண்ணுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் லீவு கிடைக்கவில்லை என்றாள். நாலாவது தடவை அவளே வந்தாள். கூட்டிக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்க்கிற அறைக்குள் அவள் போனபோது, வெளியே பெஞ்சில் அவள் பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சதையும் எடுத்து அனுப்பினார்கள். வயிற்றில் புண், வேறு ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வரச் சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே மகனுக்குப் போன் செய்தாள்.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அக்கா மகள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த அக்காவுக்கு இன்னாச்சு?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் தேவைக்கு இல்லாமல் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"புண்ணுதானாம். மருந்துல சரியாயிடுமாம்."

"ம்" என்றாள். கீரையை ஆய்ந்தபடியே இருந்தாள். பிறகு கை நின்றுவிட்டது. "அம்மாவுக்கும் மொதல்ல புண்ணாதான இருந்திருக்கும்" என்றாள். அடக்கத்தன்று அழாத பெண், தாம்பாளத்தை நகர்த்தி வைத்துவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் முதுகில் கையை வைத்தேன். தள்ளிவிடவில்லை.